கதிரை தந்த ஊரிலே

பிற நாடு சென்று மீண்டவரைக் கண்டால் நம் ஊரவர் மூன்று கேள்விகள் கேட்பர். "குளிர் எப்படி?" என்பது முதலாவது. "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பது இரண்டாவது. "என்ன பார்த்தீர்கள்?" என்பது கடைசியில் வரும், அதற்கு நாம் விடை சொல்லத் தொடங்குமுன்னரே கேட்டவர் தேநீரைக் குடித்து முடித்து எழுந்துவிடுவார். லிஸ்பன் நகரைக் கண்டு திரும்பிய எமது தாயாரிடமும் அயலார் இவ்வாறே கேட்டனர். மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன விடை, எழுந்தவரை மீண்டும் இருக்கச் செய்தது. "ஒரு கதிரை பார்த்தன்" என்றார் அவர்.

கோட்டையும் கோயிலும் நதியும் பாலமும் காட்டி அழைத்துச் சென்ற எமக்கு, அவ்விடையைக் கேட்டவுடன் மனம் சற்று வாடியது உண்மையே. பின்னர் ஆறுதலாக எண்ணிப் பார்த்தபோது, அன்றைய நாளின் பொருள் முழுவதும் அந்தக் கதிரையிலேதான் இருந்தது என்பதை உணர்ந்தோம். அக்கதையையே இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எமது துணைவியாரின் தம்பி லண்டன் மாநகரிலே குடியிருக்கிறார். பாடசாலை விடுமுறையில் அவரிடம் சென்றிருந்த நாம், இன்னும் ஒரு தலைநகரையாவது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று விரும்பினோம். பாரிஸ் என்றார் துணைவியார். ரோமாபுரி என்றோம் நாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மூத்த மகனோ, "லிஸ்பனுக்குப் போவோம் அப்பா. சரித்திரப் புத்தகத்திலே போர்த்துக்கேயரைப் பற்றிப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. அவர்கள் எங்கேயிருந்து வந்தார்கள் என்று பார்ப்போம்" என்றான். எட்டு வயது மகளுக்கு எந்த ஊரானாலும் சம்மதம். வாக்கு எடுக்காமலே மகன் கட்சி வென்றது. அனுமதிப் பத்திரம் பெறுவதற்கு நாம் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. அதை இங்கே விரிக்கவில்லை.

எதிர்த்தவர் ஒருவரே. அவர் 78 வயதான எமது தாயார், பிள்ளைகளுக்கு அப்பம்மா. நல்லூர்க் கந்தன் வீதியிலே பிறந்து வளர்ந்தவர் அவர். "நல்லூரை இடிச்சவங்கடை ஊரைப் பார்க்கவோ என்னைக் கூட்டிக்கொண்டு போறியள்?" என்று கேட்டார். அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. 1619ஆம் ஆண்டிலே பிலிப் தெ ஒலிவேறா யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியதும், 1621ஆம் ஆண்டிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அடியோடு இடிக்கப்பட்டதும் மகனுக்குப் பரீட்சைக் குறிப்புகள். அப்பம்மாவுக்கோ அவை தம் வீட்டிலே நடந்த காரியங்கள். தனியே லண்டனில் இருக்க முடியாது என்பதற்காகவே அவர் எம்முடன் புறப்பட்டார்.

காலை எட்டரை மணிக்கு நாம் நின்ற இடம், தேஜோ நதிக் கரையிலுள்ள பெருஞ்சதுக்கம். மூன்று புறமும் வளைவுகள் வரிசையாக அமைந்த மஞ்சள் நிற மாளிகைகள்; நான்காவது புறம் நதி. நதி என்று சொன்னாலும் அது கடலைச் சேரும் இடமாகையால் அக்கரை தெரியும் ஒரு கடல் போலவே விரிந்திருந்தது. நடுவிலே மன்னன் முதலாம் ஜோசே குதிரைமேல் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை. 1775ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. இச்சதுக்கத்தை ஊர் மக்கள் இன்றும் 'அரண்மனை முற்றம்' என்று பொருள்படும் பழைய பெயரால் அழைக்கின்றனர். ஆனால் அங்கே அரண்மனை இல்லை.

அரண்மனை எங்கே என்று மகள் கேட்டாள். அது ஒரே காலையில் அழிந்த கதையைச் சொன்னோம். 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, சகல பரிசுத்தவான்களின் திருநாள். மக்கள் கோயில்களிலே மெழுகுதிரி ஏற்றி வழிபட்டுக்கொண்டிருந்த வேளையில் பூமி நடுங்கியது. இடிபாடுகளுக்குத் தப்பியவர்கள் வெளியான இடம் நாடி இந்த நதிக்கரைக்கு ஓடி வந்தனர். அப்போது நதி நீர் பின்வாங்கி அடித்தரை தெரிந்தது. சற்று நேரத்தில் அந்நீரே மலைபோல் திரும்பி வந்தது. நீர் தொடாத இடங்களை நெருப்புத் தின்றது. பல நாட்கள் அது அணையவில்லை. பல்லாயிரம் பேர் மாண்டனர். அன்று பெலேம் பகுதியிலே இருந்தமையால் மன்னன் உயிர் தப்பினான். எனினும் அதன்பின் கற்கட்டடத்துள் உறங்க அஞ்சி, மரத்தாலும் துணியாலும் அமைந்த இல்லத்திலேயே வாழ்ந்தான் என்பர்.

அதுவரை நதியைப் பார்த்தபடி ஒதுங்கி நின்ற அப்பம்மா, "கடல் உள்ளுக்குப் போனதோ?" என்று கேட்டார். 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆம் திகதி நம் கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் நடந்ததை அவர் நினைத்துக்கொண்டார் என்பது எமக்கு விளங்கியது. வடமராட்சிக் கரையிலே அவருக்கு நெருங்கிய உறவினர் இருந்தனர். "பாவம், அந்தச் சனங்களுக்கும் ஒருத்தரும் சொல்லேல்லையாக்கும்" என்றார். லிஸ்பன் நகரைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அதுவே.

சதுக்கத்துக்குப் பின்னாலே நேர்க்கோடாகச் செல்லும் தெருக்கள், பூகம்பத்தின் பின் பொம்பால் பிரபு என்னும் அமைச்சர் புதிதாக வகுத்தவை. இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவ்வீடுகளின் சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகவும் சாய்வாகவும் பிணைத்து ஒரு கூடு போல அமைத்தனர். பூமி அசைந்தால் கல் உதிர்ந்தாலும் கூடு நெகிழ்ந்து கொடுத்து வீட்டைத் தாங்கும் என்பது எண்ணம். அம்மரச்சட்டத்தின் மாதிரி ஒன்றை அமைத்து, அதைச் சூழப் படைவீரரை நடக்கச் செய்து நிலத்தை அதிரப்பண்ணிச் சோதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பூகம்பத்தை எதிர்பார்த்து ஒரு நகரத்தையே திட்டமிட்டுக் கட்டிய முயற்சிகளுள் இஃது ஐரோப்பாவிலே முற்பட்ட ஒன்று. துயரம் வந்தபின் அழுததோடு நில்லாமல் அடுத்த துயரத்துக்கு முன்கூட்டியே சுவர் எழுப்பிய அந்த அறிவை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

அங்கிருந்து 28ஆம் இலக்க டிராம்வண்டியில் ஏறினோம். லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் அமைந்த நகரம் என்பது வழக்கு. அக்குன்றுகளிலே ஏறியும் இறங்கியும், வீட்டுச் சுவரைத் தொட்டுவிடும் அளவுக்கு ஒடுங்கிய சந்துகளிலே வளைந்தும் செல்லும் சிறிய மஞ்சள் வண்டி அது. உள்ளே மரத்தாலான ஆசனங்கள். வண்டி மணியடித்துப் புறப்பட்டதும் அப்பம்மாவின் முகத்திலே ஒரு மலர்ச்சி தோன்றியது. அவரது தகப்பனார் கொழும்பிலே எழுதுவினைஞராக வேலை பார்த்த காலத்தில், 1960ஆம் ஆண்டுடன் நின்றுபோன கொழும்பு டிராம்வண்டியிலே புறக்கோட்டைக்குப் போய் வந்த நினைவு அது. "இதே மணிச் சத்தம்தான்" என்று பேத்தியிடம் சொன்னார். பேத்தி நம்பவில்லை. கொழும்பிலே தண்டவாளம் போட்ட தெருவா என்று எம்மிடம் உறுதிப்படுத்திக்கொண்டாள்.

வண்டியிலே கூட்டம் மிகுதி. கைப்பையை முன்புறமாகப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு பெரியவர் சைகையாற் காட்டினார். உல்லாசப் பிரயாணிகளை நாடி முடிச்சவிழ்ப்போரும் இவ்வண்டியில் ஏறுவது வழக்கமாம். நல்ல காலமாக எமது முடிச்சு அவிழவில்லை. ஆனால் வேறொன்று நேர்ந்தது.

அல்பாமா என்னும் பழம் பகுதியிலே இறங்கினோம். இப்பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட அராபிய மொழி பேசும் இசுலாமியர் இட்ட பெயர் அது. வெந்நீர் ஊற்று என்பது அதன் பொருள். 1147ஆம் ஆண்டிலே அபோன்சோ என்ற்றீக் என்னும் முதல் மன்னன் இந்நகரை அவர்களிடமிருந்து கைப்பற்றினான். பூகம்பத்திலே பெரும்பாலும் தப்பிப் பிழைத்த இப்பகுதியில் தெரு என்று சொல்லத்தக்கவை சிலவே. மற்றவை எல்லாம் படிக்கட்டுகள். சாளரங்களிலே துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. வெயில் ஏறிவிட்டது. வழுவழுப்பான சிறு கற்கள் பதித்த படிகளிலே முப்பது நாற்பது ஏறியதும் அப்பம்மாவுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து படியில் இருந்துவிட்டார். முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டியது. எமது துணைவியார் விசிறினார். போத்தலிலே தண்ணீர் முடிந்துவிட்டது. மகள் அழத் தொடங்கினாள். வயது முதிர்ந்தவரைப் பிடிவாதமாக அழைத்து வந்தோமே என்று எமது நெஞ்சு அடித்துக்கொண்டதை எழுத்தில் வடிப்பது கடினம்.

அப்போது அருகே ஒரு கதவு திறந்தது. அப்பம்மாவின் வயதுடைய ஒரு மூதாட்டி எட்டிப் பார்த்தார். கறுப்பு உடை, இடுப்பிலே சமையற்றுணி. எம்மை ஒரு முறை நோக்கினார். மறுசொல் இன்றி உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது அவர் கையிலே ஓர் இருக்கை. அதை நிழலிலே வைத்து, அப்பம்மாவைப் பார்த்து, "கதெய்ரா, கதெய்ரா" என்று அதன் முதுகைத் தட்டினார்.

அப்பம்மா நிமிர்ந்து பார்த்தார். "கதிரை எண்டுதானே சொல்லுது மனுசி?" என்றார் தளர்ந்த குரலில். கைத்தாங்கலாக அவரைத் தூக்கி அந்தக் கதிரையில் இருத்தினோம். மூதாட்டி கண்ணாடிக் கோப்பையிலே தண்ணீர் கொண்டுவந்தார். அதையும் அவர் 'கோப்பு' என்றே சொன்னார். கழுத்தைத் துடைக்க ஒரு துணி வந்தது, 'துவாலியா' என்றார். நம் வீடுகளிலே நாம் துவாய் என்பது அதுவே. தண்ணீர் உள்ளே போனதும் அப்பம்மாவுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் ஆவலும் வந்தது.

அதன்பின் நடந்ததை நாம் வேறு எங்கும் கண்டதில்லை. அப்பம்மா தமக்கு மேலே இருந்த சாளரத்தைக் காட்டி, "யன்னல்" என்றார். மூதாட்டி கண்களை அகல விரித்து, "ஜனேலா" என்றார். திறந்த கதவினூடாக உள்ளே தெரிந்ததைக் காட்டி "மேசை" என்றார் இவர். "மேஸா" என்றார் அவர். மகளின் காலைச் சுட்டிக்காட்டி மூதாட்டி "சப்பாத்து" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலே ஒரு சப்பாத்துக் கடையில் நின்று சொன்னது போலவே இருந்தது. சாவி 'ஷாவ்' ஆயிற்று. குசினி 'குஸீன்யா' ஆயிற்று. பாணைக் காட்ட மூதாட்டி உள்ளே சென்று ஒரு பாணையே எடுத்து வந்தார். மண்வேலைக்குரிய அலவாங்கு நினைவுக்கு வந்து மகன் அதைக் கூறிப் பார்த்தான். 'அலவாங்கா' என்று திருத்தினார் அவர். ஒருவர் மொழியிலே மற்றவருக்கு ஒரு வாக்கியமும் தெரியாது. ஆயினும் அரை மணி நேரம் அவ்விருவரும் பேசிக்கொண்டே இருந்தனர். ஒரு வீட்டுக்கு வேண்டிய தளபாடங்கள் முழுவதும் அப்பேச்சிலே வந்து சேர்ந்துவிட்டன.

விடைபெறும்போது பணம் கொடுக்க முயன்ற எமது கையை மூதாட்டி தட்டிவிட்டார். அப்பம்மா தமது கைப்பையிலிருந்த சிறு திருநீற்றுச் சம்புடத்தை எடுத்தார், சிறிது யோசித்தார், மீண்டும் உள்ளே வைத்துவிட்டு, மூதாட்டியின் இரு கைகளையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

படி இறங்கும்போது மகன் கேட்ட கேள்வி எம்மை நிறுத்தியது. "இந்தச் சொற்களெல்லாம் எங்களுடையவை என்று அல்லவா நினைத்திருந்தேன்? எங்களை அடக்கியவர்களின் சொற்களை ஏன் இன்னும் வாயிலே வைத்திருக்கிறோம்?"

மேலே குன்றின் உச்சியிலே சாந்து ஜோர்ஜ் கோட்டையின் மதில்கள் தெரிந்தன. அதைக் காட்டியே விடை சொன்னோம். போர்த்துக்கல் அரசின் ஆவணங்கள் பல நூற்றாண்டுகளாக அக்கோட்டையின் ஒரு கோபுரத்திலேதான் காக்கப்பட்டன. 1755ஆம் ஆண்டுப் பூகம்பத்திலே கோபுரம் இடிந்தது. ஏடுகளை மீட்டு வேறிடம் கொண்டு சென்றனர். இன்று அவை நகரின் பல்கலைக்கழகப் பகுதியிலே, 1990ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய கட்டடத்தில் உள்ளன. ஆனாலும் அந்நிலையத்தின் பெயர் மாறவில்லை: 'தொறே தொ தொம்பு' — தோம்புக் கோபுரம். ஆம், நம் பழைய காணி உறுதிகளைப் பற்றிப் பேசும் பெரியோர் வாயிலே வரும் தோம்புதான் அது. ஊர் ஊராகக் காணிகளையும் அவற்றுக்குரிய இறையையும் எழுதி வைத்த ஏடு. போர்த்துக்கேயர் தொடக்கினர், 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தொடர்ந்தனர்.

எனவே அவர்களுடைய சொற்கள் நம்மிடம் இரண்டு வாயில்களால் வந்தன என்று மகனுக்குச் சொன்னோம். தோம்பு போன்றவை அதிகாரத்தின் வாயிலால் வந்தவை. கதிரை, துவாய், பாண் போன்றவை வீட்டுக் கொல்லைப்புறத்தால் வந்தவை; அவற்றை எவரும் சட்டம் போட்டுப் புகுத்தவில்லை. நம் தச்சரும், சமையல் செய்தோரும், வண்ணாரும், வணிகரும் தேவை கண்டு எடுத்துக்கொண்டு தமிழின் ஓசைக்கு அமையத் திருத்தியவை. அடக்குமுறை போய்விட்டது, திருத்தியெடுத்தவை நமக்கே உரியவையாய் நின்றுவிட்டன. இன்னொன்றும் சொன்னோம். தமிழ் மொழி முதன்முதலில் அச்சேறியதாக அறியப்படும் நூலும் இந்த லிஸ்பனிலேதான், 1554ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அது தமிழையும் போர்த்துக்கேயத்தையும் சேர்த்து, ரோம எழுத்துக்களிலே அச்சிட்ட கிறித்தவ சமயப் போதனை நூல். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்திலே வந்தது. மகன் ஒன்றும் சொல்லாமல் நடந்தான். அவனுக்கு முற்றாகத் திருப்தி ஏற்படவில்லை என்பது தெரிந்தது. அதற்காக நாம் வருந்தவில்லை.

பிற்பகல் 15ஆம் இலக்க டிராம்வண்டியிலே நதியோரமாகப் பெலேம் சென்றோம். வழியிலே தேஜோவின் மேல் தொங்கும் செந்நிறப் பாலம் தெரிந்தது. 1966ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டபோது அதற்குச் சர்வாதிகாரி சலசாரின் பெயர் இடப்பட்டிருந்தது. 1974ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் திகதி, படைவீரர் தம் துப்பாக்கி முனையிலே சிவப்புக் கார்னேசன் பூக்களைச் செருகிக்கொண்டு நிற்க, அந்த ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் அந்நாளின் பெயரே பாலத்துக்குச் சூட்டப்பட்டது.

பெலேமிலே ஜெரோனிமுஸ் மடாலயம் எம்மை வாய்பிளக்க வைத்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மன்னன் மனுவேல் எழுப்பியது. வெண்கல்லிலே கயிறுகளும் முடிச்சுகளும் பவளக் கொடிகளும் செதுக்கி, கடலையே கல்லாக்கி வைத்திருக்கிறார்கள். கோயிலின் உள்ளே தூண்கள் தென்னைபோல் உயர்ந்து, மேலே ஓலை விரிவதுபோல் விரிந்து முகட்டைத் தாங்குகின்றன. இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? ஆபிரிக்காவிலும் கீழைத் தேசங்களிலும் நடத்திய வாணிக வருவாயில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இதற்கென ஒதுக்கப்பட்டது. மிளகும் வாசனைச் சரக்கும் கல்லான விதம் அது.

அப்பம்மா உள்ளே வர மறுத்துவிட்டார். முன்றிலில் இருந்த வாங்கிலே — அதுவும் அவர்கள் தந்த சொல்லே — எமது துணைவியாருடன் அமர்ந்துகொண்டார். நாம் வற்புறுத்தவில்லை.

உள்ளே மகளுக்கு மகிழ்ச்சி தந்தவை யானைகள். மன்னன் மனுவேல், அவன் மகன் மூன்றாம் ஜோவான் முதலியோரின் கல்லறைகளைப் பளிங்கு யானைகள் முதுகிலே சுமந்து நிற்கின்றன. அந்த ஜோவான் மன்னனிடமே கோட்டை அரசன் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் பொன்னுருவைத் தூதுவர் வழியாக அனுப்பினான். 1543ஆம் ஆண்டிலே லிஸ்பனில் அவ்வுருவத்துக்கு முடி சூட்டப்பட்டது. கொழும்புக்கு அண்மையிலுள்ள ஓர் அரசின் முடி, கடல் கடந்து இங்கே வைக்கப்பட்டது என்று சொன்னபோது மகன் அந்தப் பெயரைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

வாயிலருகே இரண்டு கல்லறைகள். ஒன்று கவிஞர் கமோயிஷுக்கு உரியது. மற்றையது வஸ்கோ ட காமாவுக்கு உரியது. 1497ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் திகதி நான்கு கப்பல்களுடன் இப்பகுதியிலிருந்து புறப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தவர். 1524ஆம் ஆண்டிலே கொச்சியிற் காலமானவர். எலும்புகள் பின்னர் தாய்நாடு கொண்டுவரப்பட்டு, 1880ஆம் ஆண்டிலே இவ்விடம் சேர்ந்தன. கல்லிலே செதுக்கிய உருவம் கைகூப்பியபடி படுத்திருக்கிறது. சூழ நின்றோர் ஓசையின்றிப் படம் பிடித்தனர்.

மகன் நெடுநேரம் நின்றான். பின்னர் மெல்லிய குரலிலே கேட்டான்: "சங்கிலி மன்னனுக்குக் கல்லறை எங்கே அப்பா?"

யாழ்ப்பாணத்தின் கடைசி மன்னன் 1619ஆம் ஆண்டிலே சிறைபிடிக்கப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே கொல்லப்பட்டான். அவனைச் சுமக்கப் பளிங்கு யானை எதுவும் இல்லை. நல்லூரிலே சங்கிலித்தோப்பு என்ற பெயரும், தனித்து நிற்கும் ஒரு வளைவும், சாலையோரத்துச் சிலையுமே உள்ளன. அவற்றைத்தான் சொன்னோம். "அந்த வளைவைத் தாண்டித்தான் நாள்தோறும் ரியூசனுக்குப் போகிறேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை" என்றான் அவன். அத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்ததன் பயன் அந்த ஒரு வாக்கியத்திலே எமக்குக் கிடைத்துவிட்டது.

வெளியே வந்து நதிக்கரைக்குச் சென்றோம். கப்பல் வடிவிலே நிமிர்ந்து நிற்கும் கடலோடிகள் நினைவுச்சின்னம் 1960ஆம் ஆண்டிலே கல்லில் எழுப்பப்பட்டது. அதன் முன்னுள்ள தரையிலே பளிங்குக் கற்களாற் பெரிய திசைகாட்டியும் அதன் நடுவே உலகப் படமும் பதித்திருக்கிறார்கள். மகள் அதன்மேல் ஓடி ஓடி இலங்கையைத் தேடினாள். கண்டுபிடித்ததும் அதன்மேல் காலை வைத்து, "என் சப்பாத்துக்குள்ளே மறைந்துவிட்டது" என்று கூவினாள். "காலை எடு பிள்ளை" என்றார் அப்பம்மா. அவர் குரலிலே கண்டிப்பு இருந்தது. மகள் உடனே காலை எடுத்தாள்.

சற்றுத் தள்ளி, 1514ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய பெலேம் கோபுரத்தை வெளியே நின்றே பார்த்தோம். அதன் ஒரு மூலையிலே காண்டாமிருகத்தின் தலை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515ஆம் ஆண்டிலே கப்பலில் இங்கு வந்து இறங்கியது. அதை நேரிற் காணாமலே, எழுதியனுப்பிய வருணனையையும் ஒரு வரைபடத்தையும் கொண்டு ஜெர்மானிய ஓவியர் டூரர் வெட்டிய மரச்செதுக்குப் படம் உலகப் புகழ் பெற்றது.

மாலையிலே, மடாலயத்துக்கு அண்மையில் 1837ஆம் ஆண்டு தொடக்கம் நடக்கும் பழைய பலகாரக் கடைக்குச் சென்றோம். மடாலயங்கள் 1834ஆம் ஆண்டிலே மூடப்பட்டபின், அங்கிருந்து வெளியே வந்த செய்முறை என்பர். மெல்லிய மாவோட்டினுள் முட்டை மஞ்சட்கருவும் பாலும் சீனியும் சேர்த்துச் சுட்ட சிறு பலகாரம். சுடச்சுடத் தட்டிலே வந்தது. பிள்ளைகள் எத்தனை தின்றனர் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. முட்டை சேர்ந்தமையால் அப்பம்மா தொடவில்லை. ஆனால் மேசை மீது இருந்த சிறு தகரக் குப்பியை எடுத்துப் பார்த்தார். பலகாரத்தின்மேல் தூவுவதற்கு வைத்த பொடி அது. உள்ளங்கையில் சிறிது கொட்டி முகர்ந்தார்.

"கறுவா" என்றார்.

கறுவாவே தான். இந்நகரின் கப்பல்கள் 1505ஆம் ஆண்டு தொடக்கம் நமது தீவை நாடி வந்ததற்கும், கோட்டை மன்னரிடம் திறையாகக் கேட்டதற்கும் உரிய பொருள். அப்பம்மா உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தார். "கறுவாவைக் கொண்டுபோட்டுக் கதிரையைத் தந்திட்டுப் போயிருக்கிறாங்கள்" என்றார்.

மகன் சிரித்தான். "அது சரியான விலையோ அப்பம்மா?"

"விலை சரியில்லைத் தம்பி. கோயிலுக்கு ஆர் விலை போடுறது?" என்றார் அவர். பின்னர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனால் அந்த மனுசி நல்ல மனுசி" என்றார்.

அன்று அந்த இரண்டு வாக்கியங்களையும் எமது துணைவியார் கடைத் துண்டுச் சீட்டின் பின்புறத்திலே எழுதி வைத்துக்கொண்டார். பிள்ளைகள் வளர்ந்தபின் சரித்திரத்தை எவ்வாறு படிக்க வேண்டும் என்று எவரும் கேட்டால் அதைக் காட்டலாம் என்பது அவர் எண்ணம். முதல் வாக்கியத்தை மறந்து இரண்டாவதை மட்டும் சொல்பவர் உண்டு. இரண்டாவதை மறந்து முதலாவதை மட்டும் சொல்பவரும் உண்டு. ஊரைப் பார்க்கப் போகிறவர் இரண்டையும் கொண்டு வர வேண்டும்.

லிஸ்பனுக்குக் குடும்பத்துடன் செல்ல எண்ணும் நேயர்களுக்குச் சில குறிப்புகள்: வழுக்காத அடியுள்ள சப்பாத்து அணியுங்கள்; பதித்த கற்கள் வெயிலிலேயே வழுக்கும், மழையிலே சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுவதும் செல்லத்தக்க பயணச்சீட்டு வாங்கினால் டிராம்வண்டியிலும் பேருந்திலும் ஏறியிறங்கலாம். முதியோரை அல்பாமாப் படிகளிலே கீழிருந்து மேலே நடத்தாதீர்கள். வண்டியில் மேலே சென்று, ஆறுதலாகக் கீழே இறங்குங்கள். தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வையுங்கள். இவை நாம் பிழை செய்து கற்றவை.

மாணவ நேயர்களுக்கு ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு, யன்னல், சாவி, துவாய், கோப்பை, தாச்சி, பொத்தான், பேனா, அன்னாசி, கொய்யா — லிஸ்பன் வழியாக வந்தவற்றை ஒரு தாளிலே எழுதுங்கள். எழுதும்போது உங்கள் அப்பம்மாவையோ அம்மம்மாவையோ அருகில் இருத்திக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத பத்துச் சொற்களாவது அவர்களிடம் இருக்கும். எழுதி முடிந்தபின், நல்லூர்ப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், அந்த வளைவின் முன்னாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

எமது மகன் ஊர் திரும்பிய மறுநாளே ரியூசனுக்குப் பதினைந்து நிமிடம் பிந்திச் சென்றானாம். ஆசிரியர் காரணம் கேட்டிருக்கிறார். அவன் சொன்ன காரணத்தை அவர் ஏற்றுக்கொண்டாரோ இல்லையோ, நாம் ஏற்றுக்கொண்டோம்.